ஊர்ப் பண்டமும் முதிய வயதும்



வெளிமாநிலத்தில் நெடுங்காலமாக வாழும் தமிழர் வீடு எதற்குள் நுழைந்தாலும், சமையலறையின் மேல்தட்டில் பழைய தகர டப்பா ஒன்றைக் காணலாம். ஒரு காலத்தில் அது பிஸ்கோத்து டப்பாவாகவோ டால்டா டப்பாவாகவோ இருந்திருக்கும். இப்போது அதற்கு ஊர்ப் பண்ட டப்பா என்றே பெயர். ஊரிலிருந்து யாரேனும் வந்தால் நிறையும். அடுத்தவர் வருவதற்குள் காலியாகும். டில்லியில் எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று உண்டு. ஐம்பது ஆண்டுகளில் எங்களோடு நான்கு வீடுகள் மாறியிருக்கிறது. மூடி நெளிந்து, ஓரமெல்லாம் துருவேறிவிட்டது. அந்த டப்பாவோடு எங்களுக்கு ஏற்பட்ட வழக்கைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறோம்.

நாங்கள் என்பது கணவன் மனைவியாகிய எங்கள் இருவரையும் குறிக்கும். இந்தப் பேச்சை இருவரும் சேர்ந்தே எழுதினோம். ஆகையால் இதில் வரும் குற்றங்களில் எது எவருடையது என்று நேயர்கள் ஆராய வேண்டாம்.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமம். அந்நாளில் திருநெல்வேலி மாவட்டம். 1986க்குப் பிறகு தூத்துக்குடியைச் சேர்ந்தது. 1974இல், மணமான புதிதில், சென்னை வந்து, அங்கிருந்து கிராண்ட் டிரங்க் விரைவு வண்டியில் இரண்டு இரவுகள் பயணம் செய்து டில்லியில் இறங்கினோம். புளியோதரையும், மிளகாய்ப்பொடி தடவிய இட்டிலியும் நாகபுரியோடு தீர்ந்துவிட்டன. டப்பாவில் இருந்தது மட்டும் டில்லி வந்து சேர்ந்தது. சாத்தூர்க் காராச்சேவு, கோவில்பட்டிக் கடலைமிட்டாய், கருப்பட்டிச் சேவு, வீட்டில் சுட்ட அதிரசம். கரோல்பாக்கில் மாடியறை ஒன்றில் குடித்தனம் தொடங்கிய முதல் வாரத்தில், இந்தி தெரியாமல், கடைத்தெருவுக்குப் போக அஞ்சி, இருட்டிய பின் அறையில் உட்கார்ந்து ஆளுக்கொரு அதிரசம் தின்றோம். அன்று அதைத் தின்றது பசிக்காக அன்று. கடிதம் வர எட்டு நாளாகும் ஊரில், வாயில் போட்டவுடன் வந்து சேர்ந்த கடிதம் அது.

அந்த வழக்கம் பின்னர் பெருகியதைச் சொல்ல வேண்டும். ஊரில் தீபாவளிக்கு ஒருமுறை, பொங்கலுக்கு ஒருமுறை, யாராவது பிள்ளை பெற்றால் ஒருமுறை என்று கண்ணில் காட்டப்பட்ட பண்டம், இங்கே வந்தபின் மாதந்தோறும் வரலாயிற்று. ஆடிக்கு ஒருவர் ஊர் போய் வருவார்; ஆவணியில் இன்னொருவர் வருவார். யார் வந்தாலும் கையில் பொட்டலம் இருக்கும். திருநெல்வேலி அல்வா வரும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா வரும். தூத்துக்குடி மக்ரூன் வரும். எங்கள் வட்டத்தில் தஞ்சாவூர்க்காரர், கோயமுத்தூர்க்காரர், வேலூர்க்காரர் எல்லோரும் இருந்தமையால், அவரவர் ஊரின் பெருமையையும் நாங்கள் தின்று தீர்க்க வேண்டியிருந்தது. ஞாயிறுதோறும் ஒருவர் வீட்டில் கூடுவோம். கூடினால் வடை உண்டு, கேசரி உண்டு, இரண்டு முறை காப்பி உண்டு. இவற்றோடு டில்லியின் ஜிலேபியையும் காரட் அல்வாவையும் நாங்கள் வேண்டாம் என்று தள்ளியவர்கள் அல்லோம். தமிழ்நாட்டுத் தீபாவளியையும் வடநாட்டுத் தீபாவளியையும் ஒருசேரக் கொண்டாடிய வயிறுகள் எங்களுடையவை.

இளவயதில் இவை எதுவும் கணக்கில் ஏறவில்லை. பேருந்துக்காக ஓடினோம், மூன்று மாடி ஏறினோம், தண்ணீர் சுமந்தோம், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். 2010இல் பணி ஓய்வு கிடைத்தது. பேருந்தும் மாடியும் நின்றன. டப்பா நிற்கவில்லை.

2012ஆம் ஆண்டுக் கோடையில் எங்களில் ஒருவருக்கு இரவில் நாலு முறை தாகம் எடுத்தது. டில்லிக் கோடையாயிற்றே என்று இரண்டு மாதம் ஏமாந்தோம். பிறகு இரத்தத்தைச் சோதித்தபோது, வெறும் வயிற்றில் சர்க்கரை 186 என்று வந்தது. 126ஐத் தொட்டாலே நீரிழிவு என்பது கணக்கு. எங்களைப் பார்த்த டாக்டர் ஒரு வங்காளியர். இனிப்பைப் பற்றி வங்காளிக்கு யாரும் உபதேசிக்க வேண்டாம் என்று சிரித்துவிட்டு, "ஒரு வாரம் வாயில் போடுவதையெல்லாம் எழுதிக்கொண்டு வாருங்கள், ஒன்றும் விடாமல் எழுத வேண்டும்" என்றார். எழுதினோம். மூன்றாம் நாள் முதல் ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்த வேண்டியதாயிற்று. 'காராச்சேவு, கொஞ்சம்' என்று ஒரு கை எழுதியிருக்கும். 'கொஞ்சம் அல்ல' என்று இன்னொரு கை பக்கத்தில் எழுதியிருக்கும். அந்தத் தாள் இன்னும் எங்களிடம் இருக்கிறது.

இந்த வியாதி எங்களை மட்டும் தேடி வந்ததன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உதவியோடு நடந்து 2023இல் வெளியான பெரிய ஆய்வொன்று, 2021ஆம் ஆண்டில் நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவோடு வாழ்ந்ததாகக் கணக்கிட்டது. ஆனால் கோடிக்கணக்கில் கூட்டாளிகள் இருக்கிறார்கள் என்பது நடுஇரவில் தாகம் எடுப்பவருக்கு ஆறுதல் ஆகாது.

வயதானால் உடலின் வரவு செலவு எப்படி மாறுகிறது என்பதை அப்போதுதான் நாங்கள் கற்றுக்கொள்ளத் தொடங்கினோம். நடுவயதில் உடல் மந்தமாகிவிடுகிறது, அதனால்தான் பெருக்கிறோம் என்று நாமெல்லாம் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம் அல்லவா? 2021இல் வெளியான ஓர் ஆராய்ச்சி அந்தச் சமாதானத்தைக் கெடுத்துவிட்டது. 29 நாடுகளைச் சேர்ந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் உடல் எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகிறது என்று அளந்து பார்த்தார்கள். உடலின் பருமனுக்கு ஏற்பக் கணக்கிட்டால், 20 வயது முதல் 60 வயது வரை அந்தச் செலவு ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கிறதாம். 60க்கு மேல்தான் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைகிறதாம். மத்திய சர்க்காரின் ஓய்வு வயதும் 60 ஆக இருப்பது வேடிக்கையான பொருத்தம். பென்ஷன் குறைவாக வருகிறது என்று செலவைச் சுருக்கத் தெரிந்த நமக்கு, உடலின் பென்ஷனும் குறைந்துவிட்டது என்பது தெரியாமற் போயிற்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதுமையில் நாவின் சுவையுணர்வும் மூக்கின் மணவுணர்வும் மெல்ல மங்குகின்றன. எங்கள் வீட்டில் இரண்டு ஆண்டுகளாகச் சாம்பாரில் உப்பு இல்லை என்று ஒரு வழக்கு நடந்து வந்தது. சமைத்த கை மாறவில்லை. போட்ட உப்பும் குறையவில்லை. மாறியது நாக்கு. அதை அறியாமல் உப்பைக் கூட்டிக் கூட்டி, இரத்த அழுத்தத்துக்கும் ஒரு மாத்திரையைச் சம்பாதித்துக் கொண்டோம். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு சிறு தேக்கரண்டி, அதற்கு மேல் ஆகாது என்கிறார்கள். அப்பளம், ஊறுகாய், வற்றல் இவற்றில் இருப்பதும் அந்த ஒரு கரண்டிக்குள்ளேதான் அடங்க வேண்டும்.

திருந்துவதற்கு நாங்கள் செய்த முதல் முயற்சி படுதோல்வி அடைந்தது. டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டோம். இனி இந்த வீட்டில் இனிப்பு என்ற சொல்லே கூடாது என்று சட்டம் போட்டோம். பதினைந்து நாள் நடந்தது. பிறகு எங்களில் ஒருவர் கோயிலுக்குப் போகிறேன் என்று மாலையில் தவறாமல் புறப்படலானார். பிரசாதத்தை மறுப்பது பாவம் அல்லவா? இன்னொருவர், கருப்பட்டி சர்க்கரையில் சேராது, தேனும் சேராது என்று ஒரு புதிய சாஸ்திரத்தைக் கண்டுபிடித்தார். இந்தச் சாஸ்திரத்தை நம்புகிற நேயர்கள் பலர் இருக்கக்கூடும். ஆகையால் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். கருப்பட்டியிலும் வெல்லத்திலும் சிறிது தாதுப்பொருள்கள் உண்டு என்பது மெய்தான். ஆனால் அவற்றில் பெரும்பகுதி சர்க்கரையே. பனைமரத்தின் மேல் நமக்குள்ள பற்று இரத்தத்துக்குத் தெரியாது. மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோது, சாஸ்திரமும் பிரசாதமும் எண்ணாக வெளிவந்தன.

அன்றிரவு நடந்த பேச்சுத்தான் எங்களுக்கு உண்மையில் வழி காட்டியது. ஊர்ச் சாப்பாட்டை விட்டுவிட்டால் ஊரே போய்விட்டது போல் இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். மற்றவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஊரில் நாம் என்ன சாப்பிட்டோம்?" என்று கேட்டார். தீபாவளியில் அல்ல, கொடையில் அல்ல, சாதாரணமான ஒரு புதன்கிழமையில் என்ன சாப்பிட்டோம்?

யோசித்துப் பார்த்தோம். காலையில் கம்பங்கூழ், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். பகலில் குதிரைவாலிச் சோறோ சோளச்சோறோ, அதற்குக் காணத்துவையல், புளிச்சாறு, கொல்லையில் எது கிடைத்ததோ அந்தக் கீரை. தட்டாங்காய் காய்க்கும் பருவத்தில் தட்டாங்காய்; மொச்சை வந்தால் மொச்சை. இரவில் மிச்சம் எதுவோ அது, மோர் விட்டு. 1950களில் எங்கள் கரிசல் வீடுகளில் நெல்லுச்சோறே பண்டிகைச் சோறுதான். விருந்தாளி வந்தால் நெல்லுச்சோறு கிடைக்குமே என்று வழி பார்த்துக் கொண்டிருந்த பிள்ளைகள் நாங்கள். பண்டம் என்பது ஆண்டில் ஏழெட்டு நாள். ஆக, ஊர்ச் சாப்பாடு என்று நாற்பது ஆண்டுகளாக நாங்கள் டில்லியில் உண்டு வந்தது ஊரின் ஏழெட்டு நாள்களை மட்டுமே. மீதி முந்நூற்றைம்பது நாள்களை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கியிருக்கிறோம்.

காவிரிக் கரையில் பிறந்தவருக்கு இந்தக் கணக்கு வேறாக இருக்கும். அவர்களுக்கு அரிசி அன்றாடப் பொருள். எனினும் அவர்கள் வீட்டுப் புதன்கிழமையிலும் வாழைத்தண்டும், கீரை மசியலும், மணத்தக்காளியும், நீர்மோரும்தான் இருந்திருக்கும். முந்திரி மிதக்கும் பாயசம் இருந்திராது என்று துணிந்து சொல்வோம்.

அடுத்த நாள் கடைக்குப் போனோம். எங்களுக்கு வெட்கம் உண்டானது அங்கேதான். டில்லியில் கம்பு எங்கே கிடைக்கப் போகிறது என்று ஊருக்கு எழுதலாமா என யோசித்திருந்தோம். கடைக்காரர் 'பாஜ்ரா' என்று ஒரு மூட்டையைக் காட்டினார். முப்பத்தெட்டுக் குளிர்காலங்களாக அரியானாக்காரரும் ராஜஸ்தானத்தாரும் எங்கள் கண்ணெதிரே ரொட்டி தட்டித் தின்ற பாஜ்ராதான் எங்கள் கம்பு. 'குல்த்தி' என்பது எங்கள் காணம். மற்றத் தமிழர் கொள்ளு என்பார்கள். எல்லாவற்றிலும் வேடிக்கை குதிரைவாலியுடையது. நவராத்திரி விரதத்தில் அரிசி கோதுமையை விலக்கும் வடநாட்டார், 'சமக் சாவல்' என்று ஒரு சிறிய வெண்தானியத்தைப் பொங்கி உண்பார்கள். அண்டை வீட்டு அம்மையார் ஆண்டுதோறும் அதைக் கிண்ணத்தில் கொண்டுவந்து தருவார்; பெயரை வைத்துச் சாமையோ என்று நினைத்திருந்தோம். அது குதிரைவாலி. எங்கள் அன்றாடச் சோறு இவர்களுடைய விரதச் சோறாக இருந்திருக்கிறது. குளிர்காலத்தில் கட்டுக்கட்டாக வந்து குவியும் பதுவாக் கீரை நம் சக்கரவர்த்திக் கீரை என்பதையும் அதற்கு அடுத்த ஆண்டுதான் அறிந்தோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தியா முன்மொழிந்து ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதிலிருந்து, கம்பு குடித்தால் நீரிழிவு ஓடிவிடும், மாத்திரையை எறிந்துவிடலாம் என்றெல்லாம் பேசுவோர் பெருகிவிட்டனர். அது வீண்பேச்சு. சிறுதானியமும் மாவுப்பொருள்தான், அளவு மீறினால் சர்க்கரையை ஏற்றவே செய்யும். முழுத்தானியமாகச் சமைத்தால் மெதுவாக ஏற்றும். நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் விரைவாக ஏற்றும். மாத்திரை சாப்பிடுகிறவர் டாக்டரைக் கேளாமல் திடீரென்று உணவைக் குறைத்தாலோ, பட்டினி கிடந்தாலோ, சர்க்கரை அளவுக்குக் கீழே இறங்கி மயக்கம் வரும். முதியவர்களுக்கு அது ஏற்றத்தைக் காட்டிலும் உடனடியான ஆபத்து.

நாம் குடியேறிய இடத்துச் சாப்பாட்டையும் சற்று மரியாதையோடு பார்க்கலாம் என்பது எங்கள் அபிப்பிராயம். இன்று ஐதராபாத்தில் இருக்கும் தேசிய உணவூட்ட நிறுவனம் பிறந்தது நம் நீலகிரிக் குன்னூரில். 1918இல் ராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர் அங்கே ஒரு சிறிய இடத்தில் தொடங்கியது. 1958இல் அதுவும் நம்மைப்போல் வெளிமாநிலம் போய்விட்டது. அந்த மக்காரிசன், இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமைச் சப்பாத்தி, பால், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்றாக வளர்ந்தன. தீட்டிய அரிசியை மிகுதியாகக் கொண்ட சென்னை மாகாண உணவை உண்டவை கடைசியில் நின்றன. எலி வேறு, மனிதன் வேறுதான். அன்றைய ஏழைத் தட்டில் பாலும் காய்கறியும் குறைவாக இருந்ததும் காரணம். ஆயினும் பஞ்சாபியரின் தட்டைக் கேலி செய்துகொண்டு தயிர்சாதத்தின் உயர்வைப் பேசிய எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களை நினைத்தால் அந்த எலிகள் ஞாபகத்துக்கு வருகின்றன.

பிறகு என்ன செய்தோம் என்பதில் விரித்துச் சொல்ல அதிகம் இல்லை. முதலில் காயும் கீரையும் பருப்பும் தட்டில் வரும். அவற்றைப் பாதி உண்டபின் அளந்த ஒரு கிண்ணம் சோறு வரும். இரவுச் சாப்பாடு ஏழரை மணிக்குள் முடியும். சாப்பிட்டபின் குடியிருப்பைச் சுற்றிக் கால் மணி நேரம் நடப்போம். சனவரிக் குளிரில் வீட்டுத் தாழ்வாரத்திலேயே நடப்போம். காப்பியில் சர்க்கரையை ஒரே நாளில் நிறுத்தவில்லை. கரண்டியை அரைக் கரண்டியாக்கி, காலாக்கி, ஐந்து மாதத்தில் நிறுத்தினோம். ஆறாம் மாதம் ஒரு திருமணத்தில் சர்க்கரை போட்ட காப்பியைக் குடித்தபோது அது காப்பியாகவே தோன்றவில்லை. நாக்கு முதுமையிலும் கற்றுக்கொள்கிறது.

இதற்கு எதிரான தவறு ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. எங்கள் குடியிருப்பில் எண்பதை நெருங்கும் தமிழ் நண்பர் ஒருவர் இருக்கிறார். எல்லா வியாதிகளுக்கும் அஞ்சியவர். சர்க்கரைக்கு அஞ்சி இனிப்பை விட்டார். கொழுப்புக்கு அஞ்சி முட்டையையும் பாலையும் விட்டார். வாயுவுக்கு அஞ்சிப் பருப்பை விட்டார். பல் இல்லாமையால் காயை விட்டார். ரசஞ்சாதமும் இரண்டு பிஸ்கோத்தும் மிஞ்சின. பத்தியத்தில் தம்மை வெல்ல ஆளில்லை என்ற பெருமையும் அவருக்கு இருந்தது. ஒருநாள் காலை நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. எல்லாச் சோதனையும் செய்து பார்த்து, புதிய வியாதி எதுவும் இல்லை, தசை கரைந்துபோயிருக்கிறது என்றார்கள். வயது ஏறும்போது உணவின் மொத்த அளவு குறையலாம். புரதத்தின் அளவு குறையலாகாது. உடலெடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது நம் நாட்டு நிபுணர்கள் 2020இல் விதித்த அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது சுமார் 50 கிராம் ஆகிறது. முதியவர்களுக்கு இதனினும் சற்று மிகுதியாகவே வேண்டும் என்று கருதும் மருத்துவர்கள் பலர். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. 100 கிராம் துவரம்பருப்பில் சுமார் 22 கிராம் இருக்கிறது. ரசத்தில் எவ்வளவு இருக்கும் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. இரைப்பையில் அமிலம் குறைவதால் பி12 என்னும் உயிர்ச்சத்தை உணவிலிருந்து பிரித்தெடுப்பதும் முதுமையில் பலருக்குக் கடினமாகிறது; நீரிழிவுக்காக மெட்பார்மின் மாத்திரையை நெடுநாள் உண்பவர்களுக்கு அது மேலும் குறையலாம். அந்த நண்பர் இப்போது காலையில் முட்டையும், மாலையில் நன்றாக வேகவைத்து மசித்த சுண்டலும் சாப்பிடுகிறார். கோலூன்றிப் பூங்கா வரை வருகிறார்.

இனி எங்கள் தமக்கையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஊரில் இருக்கும் அவருக்கு வயது எண்பத்திரண்டு. தாய் தந்தையர் காலமான பிறகு எங்களுக்கு ஊர் என்பது அவரே. ஒவ்வொரு தீபாவளிக்கும் இருபது நாளுக்கு முன்பாக அவரிடமிருந்து ஒரு பெட்டி வரும். முன்பு ஆள் மூலம் வந்தது. இப்போது கூரியரில் வருகிறது. முந்திரிக்கொத்து, அதிரசம், முறுக்கு எல்லாம் அவரே கிட்ட இருந்து செய்வித்தவை. அதிரசத்துக்குப் பாகு பதம் பார்ப்பதை மட்டும் வேறு யாரிடமும் விடமாட்டார். பெட்டி வந்து சேர்ந்த அன்று தொலைபேசியில் கூப்பிட்டு, எது எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்.

நீரிழிவு வந்ததை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வருந்துவார் என்பது ஒரு காரணம். சொன்னால் பெட்டி நின்றுவிடும் என்பது மற்றொரு காரணம். அதை இப்போதுதான் வெளியில் ஒப்புக்கொள்கிறோம். ஒன்பது ஆண்டுகள் அவருக்குப் பொய் சொன்னோம். பெட்டி வந்ததும் நாங்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு, மற்றவற்றை அண்டை வீடுகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கொடுத்துவிடுவோம். பிறகு தொலைபேசியில், "முந்திரிக்கொத்து போன வருஷத்தைவிட நன்றாயிருந்தது, அக்கா" என்போம். அவர் மகிழ்வார். 2021இல் அவருக்கே உடல்நலம் குன்றி, படுத்து எழுந்த பிறகும், அந்த நடுங்கும் கையால் பாகு பதம் பார்த்தார் என்று அவருடைய மருமகள் சொல்லக் கேட்டபோது, இந்தப் பொய் இனி ஆகாது என்று தோன்றியது. இருவருமாகத் தொலைபேசியின் முன் உட்கார்ந்து உண்மையைச் சொன்னோம்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ ஒன்பது வருஷமா நான் யாருக்குச் சுட்டேன்?" என்று மட்டும் கேட்டார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. அதன்பின் நாலு மாதம் அவராக எங்களைக் கூப்பிடவில்லை. நாங்கள் கூப்பிட்டால் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவார்.

ஒருநாள் அவரைச் சமாதானம் செய்வதாக எண்ணிக்கொண்டு, எங்கள் புதன்கிழமைக் கண்டுபிடிப்பை உற்சாகமாக விவரித்தோம். கம்பு வாங்குகிறோம், குதிரைவாலி பொங்குகிறோம், அம்மா செய்த காணத்துவையலையே அரைக்கிறோம் என்றோம். பழைய சாப்பாட்டைப் போல் வராது, அக்கா என்றோம். தமக்கையார் சிரித்தார்.

"உங்களுக்குக் கம்பு ஞாபகத்துக்கு வருது. எனக்கு உலக்கைதான் ஞாபகத்துக்கு வருது" என்றார்.

ஏழு வயது முதல் உரலில் கம்பு இடித்தவர் அவர். விடியுமுன் எழுந்து, கம்பைப் புடைத்து, நீர் தெளித்து, குத்தி, உமி போக்கி, மறுபடி இடித்தால்தான் வீட்டில் எட்டுப் பேருக்குக் கூழ். தோள்பட்டை வலி அந்நாளில் வந்தது, இன்றும் போகவில்லை. நியாயவிலைக் கடையில் அரிசி வந்தபோது ஊரிலுள்ள பெண்கள் ஏன் கம்பை மறந்தார்கள் என்பது, உரல் பிடிக்காத எங்களில் ஒருவருக்கு அதுவரை தோன்றியதே இல்லை. டில்லிக் கடையில் உமி நீக்கிப் பொட்டலமாக விற்கும் கம்பை வாங்கி வந்து பழமையின் பெருமை பேசுவது எளிது.

அந்தப் பேச்சுக்குப் பின் எங்கள் சமையலறையிலும் ஒரு மாறுதல் நிகழ்ந்தது. வீட்டில் ஒருவருக்குப் பத்தியம் என்றால், இரண்டு விதமாகச் சமைப்பவர், தனியே அளந்து வைப்பவர், கேட்காததை எல்லாம் கேட்டுக்கொள்பவர் யார் என்று நேயர்களுக்குத் தெரியும். கணவர் உணவை மாற்றிக்கொண்டார் என்று ஊரார் புகழ்வார்கள். மாற்றியது மனைவியின் கை. வள்ளுவர் 'மருந்து' என்று அதிகாரத்துக்குப் பெயர் வைத்துவிட்டு, ஒரு மருந்தின் பெயரையும் சொல்லாமல் பெரும்பாலும் உணவைப் பற்றியே பேசிச் செல்கிறார். அந்த உணவை ஆக்கியவரைப் பற்றியும் ஒரு குறள் சொல்லியிருக்கலாம் என்பது எங்கள் வீட்டில் ஒருவருடைய கருத்து. இப்போது காய் நறுக்குவதும் கீரை ஆய்வதும் மற்றவருடைய வேலை. எழுபத்தைந்து வயதில் கற்ற கலையாகையால் வெண்டைக்காய் ஓர் அளவாக வருவதில்லை.

சென்ற தீபாவளிக்கு முன் பெட்டி வராது என்றுதான் நினைத்திருந்தோம். வந்தது. வழக்கத்தைவிடச் சிறிய பெட்டி. உள்ளே மணத்தக்காளி வற்றல், சுண்டைக்காய் வற்றல், ஒரு பை காணம், வறுத்து அரைத்த கறிவேப்பிலைப் பொடி. வற்றல் பொட்டலத்தின் மேல், மருமகளின் கையெழுத்தில், தமக்கையார் சொல்லச் சொல்ல எழுதிய சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது: 'உப்பு மட்டாகத்தான் போட்டிருக்கிறேன். அதிக நாள் வைக்க வேண்டாம்.'

எல்லாவற்றையும் எடுத்த பிறகு, பெட்டியின் அடியில், வாழைமட்டையில் சுற்றி நூல் கட்டிய ஒரு சிறு பொட்டலம் இருந்தது. பிரித்தோம். இரண்டு அதிரசங்கள். பழைய டப்பாவை இறக்கித் துடைத்து, அவற்றை அதில் வைத்தோம். தீபாவளி அன்று காலையில், டாக்டருக்குத் தெரிந்தே, சோற்றுக் கிண்ணத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டு, ஆளுக்கொன்று தின்றோம். பிறகு தொலைபேசியை எடுத்தோம். மணி ஒருமுறை அடித்து முடிவதற்குள் அங்கே எடுத்துவிட்டார்.

"பாகு பதம் எப்படி இருந்துச்சு?" என்றார். சற்று முறுகிவிட்டது என்று சொன்னோம். அது உண்மை.